இடிபடாத வீடு

ஹெட்டி தர்லோ நாற்காலியில் ஏறி நின்று விட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இது நாலாவது வாளி. சோடா உப்புத் தண்ணீர் கையோடு வழிந்து, சட்டைக் கைக்குள் புகுந்து, முழங்கைவரை அரித்தது. முதல் வாளி தார் மாதிரி இறங்கிற்று. இப்போது பால் விடாத டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. ஓக் மரம். எத்தனையோ தலைமுறைப் புகையும் எலிப்புழுக்கையும் அதன் செதுக்கலுக்குள் கெட்டிப்பட்டுக் கிடந்தன. ஒரு குச்சியின் முனையைச் சீவி வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலையின் நரம்பையும் நோண்டி எடுத்தாள்.

வியாழக்கிழமை கவுன்சிலிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் வருகிறார். இன்று செவ்வாய்.

கிழ ராஜா செத்த வருஷம் அது, 1936, மே மாதம். சஃபோக் கிராமங்களில் அந்த வருஷம் எங்கே போனாலும் பழைய வீடுகளை இடிப்பதைப் பற்றித்தான் பேச்சு. மனுஷர் குடியிருக்க லாயக்கில்லை, இடிக்க வேண்டியது என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டால், உள்ளே இருக்கிற குடும்பத்துக்குக் கவுன்சில் புது வீடு கொடுத்தாக வேண்டும். சர்ச் சந்தில் ஆறு செங்கல் வீடுகள் எழும்பி நின்றன. போன ஞாயிற்றுக்கிழமை ஹெட்டி அங்கே போய், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு, கடைசி வீட்டு ஜன்னலில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். சமையலறையில் பித்தளைக் குழாய் இருந்தது. தரை சமமாக இருந்தது. சுவர் அடியிலிருந்து நுனிவரை உலர்ந்திருந்தது. மகள் டல்சியின் கட்டிலை எந்த மூலையில் போடுவது என்றுகூட முடிவு பண்ணிவிட்டுத்தான் திரும்பினாள்.

டல்சிக்கு ஆறு வயது. அக்டோபர் பிறந்தால் நெஞ்சு கட்டிக்கொள்ளும். ஏப்ரல் வரை விடாது. இந்த வடக்குச் சுவரோரம் குழந்தை இன்னும் எத்தனை குளிர்காலம் தாங்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தெற்கே போட இடமில்லை. அங்கே பலகைத் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃப்ளாரி சாட் குடும்பம்.

ஒரு காலத்தில் அது ஒரே வீடு. பண்ணைக்காரர் க்ரிக்மோரின் முன்னோர்கள் கட்டி ஆண்ட பண்ணை வீடு. ஓக் தூண், ஓக் விட்டம், எல்லாம் மர முளை அடித்துக் கோத்த சட்டம். ஓர் இரும்பாணி கிடையாது. தூணுக்கும் தூணுக்கும் நடுவே குச்சிகளை வரிச்சாகப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்புப் பூச்சு. க்ரிக்மோரின் தாத்தா மேட்டில் செங்கல் வீடு கட்டிக்கொண்டு போனபோது இதை நடுவே பலகை அடித்து இரண்டாக்கி, கூலிக்காரர்களுக்கு விட்டார். அதோடு சரி. அப்புறம் அந்த வீட்டுக்கு யாரும் ஒரு கை மண்கூட அப்பவில்லை. வடக்குப் பக்கம் சட்டத்தின் அடிமரம் இற்றுப்போய்ச் சுவர் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. டல்சி கையிலிருந்து கோலி விழுந்தால் அதைத் தேடவே வேண்டாம், நேராக வடக்கு மூலையில் போய்க் கிடக்கும்.

வாசலில் ஃப்ளாரி வந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, நாற்காலிமேல் நிற்கிறவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?"

"புழுதி பறக்குது, தள்ளி நில்லு" என்றாள் ஹெட்டி.

"வர்றவரு நம்ம வீடு எவ்வளவு அழகா இருக்குன்னு பாக்கவா வர்றாரு? எவ்வளவு கேடா இருக்குன்னு பாக்க வர்றாருடி. நான் ஒரு வாரமா அடுப்புச் சாம்பலைக்கூட அள்ளல. பானையெல்லாம் போட்டது போட்டபடி கெடக்கு. எம் புருஷன் வீட்டுக்குள்ள வர்றதுக்கே பயப்படறான்."

"ஈரம் வேற, அழுக்கு வேற ஃப்ளாரி. ஈரத்துக்கு க்ரிக்மோர் பதில் சொல்லட்டும். அழுக்குக்கு நான்ல பதில் சொல்லணும்?"

"அவரு கையில ஒரே பேனாதாண்டி இருக்கும். ரெண்டையும் சேத்துத்தான் எழுதுவாரு."

"அதைத்தான் நானும் சொல்றேன். 'தர்லோ பொண்டாட்டி நாறப்போட்டு வச்சிருக்கா'ன்னு கவுன்சில் தாள்ல எழுதி, அது பத்திரமா ஒரு பெட்டியில இருக்கணுமா? நாளைக்கே புது வீட்டுச் சாவி கொடுக்கறப்ப, இவகிட்டயா கொடுக்கறதுன்னு யோசிக்க மாட்டாங்களா?"

ஃப்ளாரிக்கு அதற்குப் பதில் இருந்தது, ஆனால் அவளுடைய கண் விட்டத்துக்குப் போய்விட்டது. "இது என்னடி கொடி மாதிரி?" என்றாள்.

அது ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம்தான் வெளியே தெரிந்தது. தலைக்கு மேலே பலகை அடித்துக் காகிதம் ஒட்டியிருந்தது. காகிதம் கறுத்து, ஊறி, தொப்பையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் துடைத்துவிடு என்று ஹெட்டி புருஷனிடம் சொன்னாள். அமோஸ் துணியை வைத்து அழுத்தினான். பலகை கையோடு வந்துவிட்டது. கூடவே ஒரு கூடை எலிக்கூடு அவன் தலையில் கொட்டிற்று. ஒன்றை எடுத்த பிறகு மற்றதை எப்படி விடுவது? இருட்டுவதற்குள் எல்லாப் பலகையையும் பிடுங்கிப்போட்டான். மேலே அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை விட்டத்தில் திராட்சைக் கொடி ஓடியது. இலை, குலை, சுருள் எல்லாம் உளி வேலை.

"எட்டு வருஷமா இதுக்குக் கீழதான் கஞ்சி குடிச்சிருக்கோம்" என்றான் அமோஸ், தலையிலிருந்து வைக்கோலைத் தட்டிக்கொண்டே. "எவனோ எவ்வளவு பொறுமையா உக்காந்து செதுக்கியிருக்கான் பாரு."

அமோஸ் பண்ணையில் குதிரை ஏர் ஓட்டுகிறவன். செவ்வாயும் புதனும் வேலை முடிந்து வந்தபின், வடக்குச் சுவரில் பெயர்ந்த இடங்களுக்குக் களிமண்ணும் சாணியும் குழைத்து அப்பினான். அதன்மேல் ஹெட்டி இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தாள். இற்றுப்போன அடிமரம் தெரியாதபடி பாத்திர அலமாரியை அங்கே நகர்த்தினார்கள்.

நகர்த்துவதற்கு முன் அமோஸ் அலமாரியைப் பிடித்தபடி கேட்டான். "ஹெட்டி, இதைத்தானே அவரு பாக்கணும்?"

"கேட்டா நகத்திக் காட்டிட்டாப் போச்சு. நடு வீட்டுல எலி போற பொந்தை வச்சுக்கிட்டு அவருக்கு டீ கொடுக்கச் சொல்றியா?"

அது நியாயமாகத்தான் பட்டது அமோஸுக்கு. நகர்த்தினான்.

ஒன்று மட்டும் போகவில்லை. டல்சியின் கட்டிலுக்கு மேலே, தூணில், ஒரு விரல் நீளத்துக்குச் சுட்ட தழும்பு. கண்ணீர்த் துளியைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி அடி அகன்று, முனை கூர்ந்து இருக்கும். போன வருஷத்துக்கு முந்தின ஜனவரியில் குழந்தை மூச்சுக்குத் தவித்த ராத்திரிகளில் ஹெட்டி அந்தத் தூணில் ஓர் இரும்பு முள்ளை அடித்து மெழுகுவர்த்தி செருகி வைத்திருந்தாள். ஐந்தாவது ராத்திரி உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டாள். வர்த்தி சாய்ந்து மரத்தைத் தின்றுகொண்டிருந்தது. கருகின வாசனையில் அமோஸ்தான் எழுந்து வந்து அணைத்தான். "மேல கூரை பூரா கோரைப்புல்லுடி, எல்லாரையும் கொளுத்தியிருப்ப" என்று அவன் சொன்னதை அவள் இன்னும் மறக்கவில்லை. சோடா போட்டாள், மணல் போட்டாள், கத்தியால் சுரண்டினாள். தழும்பு பளபளவென்று இன்னும் நன்றாகத் தெரிந்தது. கடைசியில் விதைக்கடைக்காரர் கொடுத்த காலண்டரை அதன்மேல் மாட்டினாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். டாட் என்று பெயர். குட்டையான மனிதர், கையில் தோல் பை, சைக்கிள் கிளிப் மாட்டின கால்சட்டை. கூட இன்னொருவரும் வந்திருந்தார்: ஆஷ்வெல் என்று ஒரு கனவான், மூக்குக் கண்ணாடி போட்டவர். ஜில்லாவிலுள்ள பழைய வீடுகளை எல்லாம் பார்த்து எழுதிவைக்கிறாராம், டாட்டுக்குத் தெரிந்தவராம், சும்மா கூட வந்தாராம்.

முதலில் ஃப்ளாரி வீட்டுக்குள் போனார்கள். ஐந்து நிமிஷத்தில் டாட் மூக்கில் கைக்குட்டையோடு வெளியே வந்தார். ஹெட்டியின் வாசலில் விரித்திருந்த சாக்கில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்ததும் அவர் முகம் விரிந்தது.

"எல்லா வீடும் இப்படி இருந்தா எனக்கு வேலையே இருக்காது மிஸஸ் தர்லோ."

ஹெட்டிக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. கல்யாணமான பத்து வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. இது சந்தோஷப்பட வேண்டிய விஷயமா என்ற சந்தேகம் டீயை ஊற்றும்போதுதான் வந்தது.

டாட் புத்தகத்தைத் திறந்தார். "மழை பெஞ்சா ஒழுகுமா?"

"வடக்கக் காத்து அடிச்சா... கொஞ்சம் வரும் சார்."

"கொஞ்சம்னா?"

"சட்டி வச்சுச் சமாளிச்சுக்குவோம்."

"தண்ணி?"

"வெளிய கிணறு இருக்கு சார். கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறோம். எப்பவும் கொதிக்க வச்சுத்தான்."

"நல்லது." எழுதிக்கொண்டார். "குழந்தைக்கு உடம்பு எப்படி?"

"குளிர் காலத்துல இருமும் சார். டாக்டர்கூட—"

"எந்தக் குழந்தைதான் இருமல?" டாட் எழுந்து வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கை வெள்ளையாக வந்தது. சிரித்தார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அலமாரியைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஹெட்டி அவர் கேட்பதற்காக அலமாரியின் பக்கத்திலேயே நின்றாள். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. நாமே மறைத்துவிட்டு நாமே எடுத்துக் காட்டினால் நம்மை என்னவென்று நினைப்பார் என்று அடக்கிக்கொண்டாள்.

ஆஷ்வெல் சுவர் பக்கமே பார்க்கவில்லை. தலையை அண்ணாந்தபடி அறையின் நடுவில் நின்றார். பிறகு நாற்காலியில் ஏறலாமா என்று மரியாதையாகக் கேட்டு, ஷூவைக் கழற்றிவிட்டு, காலுறையோடு ஏறினார். இடது காலுறையில் கட்டை விரல் இடத்தில் ஓட்டை. கொடியின் சுருளை விரலால் தொட்டுத் தொட்டுக் கூடவே போனார்.

"இதை யாரம்மா இப்படிச் சுத்தம் பண்ணது?"

"நான்தான் சார்."

"பெயிண்ட் எதுவும் அடிக்கலையே?"

"பெயிண்ட்டுக்கு நாங்க எங்க போறது சார்? வெறும் சோடாதான்."

"கடவுள் காப்பாத்தினார்" என்றார் ஆஷ்வெல்.

அப்போதுதான் அமோஸ் வயலிலிருந்து வந்தான். கனவான் அவனைக் கூப்பிட்டுத் தூணும் விட்டமும் சேருமிடத்தைக் காட்டினார். மரத்தில் கீறல் கீறலாகக் குறி இருந்தது. தச்சன் இந்த வீட்டைப் பூராவும் தரையில் படுக்கவைத்து அறுத்துப் பொருத்தி, எந்த மரம் எந்தத் தூணுக்கு என்று நம்பர் போட்டு, பிரித்து வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான் என்றார். அமோஸுக்குப் பிடித்துவிட்டது. குதிரைக்காரனுக்குக் கைவேலை தெரியும். "பரண்ல இன்னொண்ணு இருக்கு சார், வாங்க" என்று ஏணியைக் கொண்டுவந்து சாய்த்து, தானே அடியில் பிடித்துக்கொண்டு, அவரை மேலே ஏற்றினான். மேலே கைமரமெல்லாம் கரி படிந்திருந்தது. ஒரு காலத்தில் இந்த வீட்டுக்கு மேல்தளமே இல்லை, நடுத்தரையில் தீ மூட்டுவார்கள், புகை நேராகக் கூரைக்குப் போகும் என்று ஆஷ்வெலின் குரல் பரணிலிருந்து வந்தது. அவர் பேசுவதில் உண்மையான சந்தோஷம் இருந்தது. இறங்கி வந்து டல்சியின் கையில் ஆறு பென்ஸ் வைத்தார்.

இரண்டு பேரும் முற்றத்தில் நின்று பேசியது ஜன்னல் வழியாக ஹெட்டிக்குக் கேட்டது.

"இதை இடிக்கவா போறீங்க டாட்? நூறு வருஷத்துக்கு உங்க பேரைச் சொல்லித் திட்டுவாங்க."

"எனக்கென்ன ஆசையா? வழி இருக்கு. வீட்டுக்காரர் தானே ரிப்பேர் பண்றேன், பண்ற வரைக்கும் யாரையும் குடிவைக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டா இடிக்க வேண்டியதில்ல."

ஹெட்டி டீக்கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரிப்பேர் என்ற சொல் மட்டும்தான் அவள் மனதில் தங்கிற்று. குடிவைக்க மாட்டேன் என்பது அன்றைக்கு அவளுக்கு ஏறவில்லை.

மூன்று வாரம் கழித்து க்ரிக்மோர் காரை வரப்போரம் நிறுத்திவிட்டு, ஏர் ஓட்டிக்கொண்டிருந்த அமோஸைக் கைதட்டிக் கூப்பிட்டார். நல்ல மனநிலையில் இருந்தார். அமோஸுக்குப் புகையிலைகூடக் கொடுத்தார்.

"லண்டன்லேர்ந்து ஒரு அம்மா கடுதாசி போட்டிருக்கா. அந்த ஆஷ்வெல் சொல்லி. வீட்டை அப்படியே எடுத்துக்கறாளாம், ரிப்பேர் அவ பொறுப்பாம். நீங்க செப்டம்பர் கடைசி, மிக்கேல் திருநாளுக்குள்ள காலி பண்ணிடணும்."

"காலி பண்ணிட்டு எங்க போறது எஜமான்?"

"உன் வேலை அப்படியே இருக்கு, அதுல பயப்படாத." கார்க் கதவில் கைவைத்தபடி சிரித்தார். "நீ கெட்டிக்காரன்டா அமோஸ். எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஒருத்தன் அந்தப் பலகையைத் தூக்கிப் பாக்கல. விறகு விலைக்குத்தான் போகும்னு இருந்தேன்."

ஹெட்டி மறுநாள் காலை ஏழு மைல் நடந்து டவுனுக்குப் போனாள். கவுன்சில் ஆபீஸ் பெஞ்சில் பன்னிரண்டு மணிவரை உட்கார வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டிருந்தாள். குமாஸ்தா இளவயசுக்காரன், மரியாதையாகப் பேசினான். பெரிய பேரேட்டில் விரலை ஓட்டிப் பார்த்தான்.

"உங்க வீட்டை இடிக்கறாங்களா அம்மா?"

"இல்ல. இடிக்கலை."

"புது வீடெல்லாம் இடிக்கற வீட்டுலேர்ந்து வர்றவங்களுக்குத்தான் ஒதுக்கியிருக்கு."

"ஆனா நாங்க வெளிய போகணுமே. செப்டம்பருக்குள்ள."

"அது உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் உள்ள விஷயம். நாங்க உங்களை வெளிய அனுப்பலையே."

"குழந்தைக்கு நெஞ்சு சரியில்ல. டாக்டரே சொல்லியிருக்காரு."

குமாஸ்தா இன்னொரு தாளை எடுத்துப் படித்தான். படிக்கும்போது அவனுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "இன்ஸ்பெக்டர் குறிப்புல அப்படி ஒண்ணும் இல்லையே அம்மா. சுவர் உலர்வா இருக்கு, வீடு மிகச் சுத்தம்னு போட்டிருக்கார். பொது லிஸ்ட்ல பேர் எழுதிக்கறேன். நாப்பத்தொண்ணாவது."

ஆபீஸ் நடையில் டாட் எதிரே வந்தார். அவளை அடையாளம் தெரிந்துகொண்டு தொப்பியைத் தொட்டார். "மிஸஸ் தர்லோ! உங்க வீட்டைப் பத்தி ரொம்ப நல்லபடியா எழுதியிருக்கேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஹெட்டி, "நன்றி சார்" என்றாள். திரும்பி வரும் ஏழு மைலும் அந்த நன்றிக்காகத் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள்.

ஃப்ளாரி சும்மா இருப்பாளா? கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் சொன்னேன்ல?"

"சொன்ன."

"எம் பக்கத்தைப் பாத்தப்ப அந்த ஆளு மொகத்தைப் பாத்தியா? பாதி வீட்டை இடிச்சிருப்பான்டி. பாதியை இடிச்சா மீதி தானா விழுந்திருக்கும்."

"நான் நல்லதுக்குத்தானே—"

"உன் சோடாத்தண்ணி எங் குடும்பத்தையும் சேத்துக் கழுவி விட்டுடுச்சு." ஃப்ளாரி வாளியைத் தூக்கிக்கொண்டாள். ஆகஸ்டிலேயே அவர்கள் இப்ஸ்விச்சில் ஃப்ளாரியின் அக்கா வீட்டு மாடிக்குப் போய்விட்டார்கள். போகிற அன்று பலகைத் தடுப்பைத் தட்டி, "வரேன்டி" என்று மட்டும் சொன்னாள்.

மிக்கேல் திருநாளுக்கு முந்தின நாள் தர்லோ குடும்பம் க்ரிக்மோரின் ஆப்பிள் தோப்புக்கு மாறியது. அங்கே பழைய ரயில் பெட்டி ஒன்று சக்கரமில்லாமல் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது. அறுவடைக்கு வருகிறவர்கள் தங்கின இடம், அப்புறம் கோழி அடைத்த இடம். அமோஸ் கூரைக்குத் தார் பூசினான். ஹெட்டி நாலு நாள் தேய்த்தும் கோழி வாசனை போகவில்லை. பெட்டியின் கதவுகளில் மூன்றாம் வகுப்பு என்று இன்னும் எழுதியிருந்தது. பலகைச் சுவர் ஓர் அங்குல கனம்கூட இல்லை. ஜனவரியில் டல்சி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நுரையீரலில் ஒரு பக்கம் கெட்டியாகிவிட்டது என்றார்கள். அனுப்பும்போது, உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் தரை இறுகி ஏர் ஓட்ட முடியாத நாட்களில், க்ரிக்மோர் அமோஸைக் கட்டட மேஸ்திரிக்குக் கூலியாளாக அனுப்பினார். அவன் இருந்த வீட்டையேதான் அவன் உரித்தான். வெளிச்சுவரில் தடிப்பாக இருந்த சுண்ணாம்புப் பூச்சைச் சுத்தியால் தட்டித் தட்டிக் கீழே விழவைத்தான். உள்ளே இருந்த தூணெல்லாம் வெளியே தெரியத் தெரிய மேஸ்திரி அதற்குக் கறுப்பு மை பூசினான்.

"பூச்சுதானே குளிரைத் தாங்குது" என்றான் அமோஸ். "இதை எடுத்துட்டா மரத்து இடுக்கு வழியா காத்து நேரா உள்ள வரும்."

"அந்தம்மாவுக்கு மரம் தெரியணுமாம்" என்றான் மேஸ்திரி. "காத்து வந்தா வரட்டும். கீழ கொதிகலன் வைக்கறாங்கல்ல?"

வடக்குப் பக்கம் அலமாரி இருந்த இடத்தில் இற்றுப்போன அடிமரத்தை வெட்டி எடுத்தார்கள். சுவரை முட்டுக்கொடுத்து நிறுத்தி, புது ஓக் அடிமரம் நுழைத்து, அடியில் செங்கல் வரிசை கட்டி, ஈரம் ஏறாமல் தாரும் கற்பலகையும் பரப்பி, வெளியே வடிகால் வெட்டினார்கள். மூன்று ஆட்கள், பதினொரு நாள் வேலை. பன்னிரண்டாம் நாள் அமோஸ் சுவரில் கைவைத்துப் பார்த்தான். உலர்வாக இருந்தது. எட்டு வருஷம் இருந்தோம், பதினொரு நாள் வேலை என்று அன்று சாயந்திரம் ஹெட்டியிடம் சொன்னான். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அவள் முகத்தைப் பார்த்த பிறகு தோன்றிற்று.

ஏப்ரலில் லண்டன் அம்மா குடிவந்தாள். மிஸஸ் லாங்டன், கெட்டவள் என்று சொல்ல முடியாது. விட்டத்தைத் துலக்கியது யார் என்று விசாரித்து, வாரம் இரண்டு காலை வந்து மரத்துக்கெல்லாம் தேன்மெழுகு போட்டுத் தேய்க்கச் சொல்லி ஹெட்டிக்கு ஆள் அனுப்பினாள். போகக் கூடாது என்று ஹெட்டி இரண்டு நாள் இருந்தாள். ஆஸ்பத்திரி போய்வந்த பிறகு அப்படி இருக்க வசதியில்லை.

பலகைத் தடுப்பு போய்விட்டது. இரண்டு வீடும் சேர்ந்து ஒரே நீளக் கூடமாகி, கொடி விட்டத்தின் கீழே வெயில் தரையில் விழுந்தது. முன்பு டல்சியின் கட்டில் கிடந்த இடத்தில் ஒரு சின்ன மேஜை, அதன்மேல் பூ ஜாடி. சமையல் பக்கம் பித்தளைக் குழாய். முதல் நாள் கைகழுவ அதைத் திறந்தவள், தண்ணீர் வந்த பிறகும் கொஞ்ச நேரம் மூடாமல் நின்றாள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஹெட்டி தூண்களுக்கு மெழுகு போட்டுக்கொண்டே வந்து, மேஜைக்குப் பக்கத்துத் தூணுக்கு வந்திருந்தாள். மிஸஸ் லாங்டன் டீக்கோப்பையோடு அவர்களை அங்கே கூட்டிவந்தாள். ஹெட்டி நகர்ந்துகொண்டாள்.

"இதைப் பாருங்க. இந்த வீட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்சதே இதுதான்."

காலண்டர் இருந்த இடத்தில் அந்தத் தழும்பு. அடி அகன்று, முனை கூர்ந்து, பளபளவென்று.

"தானா பட்டதில்ல, வேணும்னே சுட்டது. அந்தக் காலத்துல மெழுகுவர்த்தியை மரத்துல காட்டிச் சுடுவாங்களாம், வீட்டுக்குள்ள கெட்டது எதுவும் வராம இருக்க. நானூறு வருஷமாவது இருக்கும்னு மிஸ்டர் ஆஷ்வெல் சொல்றார்."

ஒரு விருந்தாளி கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தாள். "எந்தக் கெட்டது? பேயா?"

"பேய், காய்ச்சல், எல்லாந்தான். இது கட்டில் பக்கமா இருந்திருக்கும்ங்கறார். குழந்தை யாருக்காவது சீக்கா இருந்திருக்கலாம்."

"ஐயோ பாவம். பொழச்சிருக்குமா அந்தக் குழந்தை?"

"நானூறு வருஷம் ஆச்சே, யாருக்குத் தெரியும்?"

காலையில் ஹெட்டி கிளம்பும்போது டல்சி ரயில் பெட்டியில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். படுத்தால் மூச்சு வாங்குகிறது. ஒரு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

விருந்தாளிகள் தோட்டத்துப் பக்கம் நகர்ந்தார்கள். மிஸஸ் லாங்டன் கடைசியாகத் திரும்பி, தணிந்த குரலில் சொன்னாள்: "ஹெட்டி, இந்த இடத்துல மட்டும் மெழுகு போட்டுடாத. கை தவறிக்கூட. இனிமே இந்த மாதிரி ஒண்ணு கிடைக்காது."

"சரிங்கம்மா" என்றாள் ஹெட்டி.

துணியை நாலாக மடித்து மெழுகில் தோய்த்தாள். தழும்பைச் சுற்றி ஒரு விரல் இடம் விட்டு, தூணைத் தேய்க்க ஆரம்பித்தாள்.